வேலம்மா பேசிய வீடியோ

அத்தியாயம் பதினான்கு

பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பினால் பிரபுவின் காரில் முன் சீட் எப்போதும் வேலம்மாவுக்குத்தான். வெள்ளத்தின்போது சுவர் சரிந்து ஒடிந்த காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பின் சீட்டில் அந்தக் காலை மடக்கி உட்கார அவளால் முடியாது.

அன்று காலை அவள் சாலையைப் பார்க்கவே இல்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகப் பின்னால் உட்கார்ந்திருந்த மகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். கயல் மடியில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள்.

பிரபு இதையெல்லாம் கவனிக்கவில்லை. தங்கை இன்றைக்கு முப்பது நூலகர்களுக்குப் பாடம் நடத்தப் போகிறாள். அந்தப் பெருமையில் கால் டாக்ஸி சவாரிகளை மதியம் வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தான். பெருங்குடி சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரரிடம்கூட விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

அடையாறில் ஒரு கல்லூரியின் நூலகத்தில் கயல் உதவி நூலகர். கல்லூரியின் ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஆண்டு மலர்கள், படங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தேடி எடுக்கும்படி ஒரு டிஜிட்டல் களஞ்சியத்தை அங்கே உருவாக்கியவள் அவள்தான். அந்த மென்பொருளை மற்றக் கல்லூரி நூலகர்களும் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வதற்கான ஒருநாள் பட்டறை இன்று. மாலை நான்கு மணிக்கு அதே அறையில் ‘ஆற்றோரக் குரல்கள்’ என்ற புதிய தொகுப்பின் திறப்பு விழா.

அந்தத் தொகுப்பில்தான் சிக்கல்.

எட்டு வருடங்களுக்கு முன்பு சைதாப்பேட்டை ஆற்றோரத்துக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது, சமூகப்பணித் துறைப் பேராசிரியை சரோஜாதேவி கேமராவோடு ஆற்றோரத்துக்கே போய்ப் பலரைப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார். போன வாரம் அந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்த கயல், ஒன்றைத் திறந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரையில் அவள் அம்மா. ஊர் முழுக்க வீட்டைக் காலி செய்யமாட்டோம் என்று நின்றபோது, புது வீட்டுச் சாவியை முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தவன் பிரபு. அதற்காகப் பெற்ற மகனை வேலம்மா கேமரா முன்னால் சபித்திருந்தாள்.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு அந்தப் பேட்டியே மறந்து போயிருந்தது. ஞாபகம் வந்ததும் முகம் வெளிறிவிட்டது. அவன் கண்ணில் படுவதற்கு முன்னால் அதை எடுத்துவிடு என்பதுதான் அன்றிலிருந்து அவள் ஒரே பேச்சு.

கஸ்தூர்பா நகரில், வேலம்மா சமையல் செய்யும் வீட்டு வாசலில் பிரபு காரை நிறுத்தினான். அம்மாவை இறக்கிவிடக் கயலும் இறங்கினாள். கேட்டைத் திறந்துகொண்டே வேலம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னிக்கு நாலு மணிக்கு எல்லாரும் பாப்பாங்கன்னு சொன்னியே. எடுத்துட்டியா?”

“இல்லம்மா.”

“உன் கையிலதான கீது? ஒரு பட்டன அமுக்கனா போச்சுன்னு நீதான சொன்னே.”

அது உண்மைதான். களஞ்சியத்தின் முழு அதிகாரமும் கயலின் கையில் இருந்தது. இரண்டு தடவை அமுக்கினால் அந்த வீடியோ காணாமல் போய்விடும். போன வாரம் முழுக்க அவள் விரல் அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியிருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமல் ஒன்றை எடுத்துவிட்டு, அதே கையோடு முப்பது பேருக்கு முன்னால் நின்று களஞ்சியத்தை எப்படி நம்பிக்கையாக நடத்துவது என்று அவளால் பேச முடியாது.

“திருட்டுத்தனமா எடுக்கமாட்டேன்மா. மேடம்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பேன். அவங்க ஒரு வாரமா ஊர்ல இல்ல. இன்னிக்கு வராங்க. நான் பாத்துக்கறேன்,” என்றாள் கயல்.

வேலம்மா உள்ளே போனாள். கயல் திரும்பிக் காருக்கு வந்தபோது, அம்மாவும் பெண்ணும் என்ன ரகசியம் என்று பிரபு கேட்டான். உன் கல்யாண விஷயம் என்று சொல்லி வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

பட்டறை கம்ப்யூட்டர் அறையில் ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. தி. நகர், மயிலாப்பூர், ராயப்பேட்டை என்று பல கல்லூரிகளிலிருந்து நூலகர்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கயலைவிட இரண்டு மடங்கு அனுபவம் உள்ளவர்கள். ஆனால் இந்த மென்பொருளை முதலில் நிறுவியபோது அது எத்தனை விதமாக மக்கர் செய்யும் என்று பார்த்துப் பழகியவள் அவள். யார் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

ஆளுக்கொரு பழைய ஆண்டு மலரைக் கொடுத்து, அதை ஏற்றச் சொன்னாள். தி. நகரிலிருந்து வந்திருந்த அஸ்வின் என்ற இளைஞர்தான் முதலில் முடித்தார். தலைப்பு மட்டும் போட்டிருந்தார். எழுதியவர், வருடம், எதைப் பற்றியது என்று கேட்ட கட்டங்களையெல்லாம் காலியாக விட்டிருந்தார். இவ்வளவும் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டார். கயல் அவர் ஏற்றிய மலரில் இருந்த ஒரு கட்டுரையை அவரையே தேடி எடுக்கச் சொன்னாள். அவர் ஐந்தாறு விதமாகத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு தானே ஒவ்வொரு கட்டமாக நிரப்ப ஆரம்பித்தார்.

அடுத்த வரிசையில் வேறு பிரச்சனை. சந்திரிகா என்பவர் எழுதிய கட்டுரைகளை ஏற்றினால் மூன்று ஆசிரியர்கள் வந்து நின்றார்கள். இனிஷியல் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இனிஷியலே இல்லாமல் ஒருவர்.

“இந்த மூணு பேரும் ஒரே ஆள்தான்னு அதுக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும்,” என்று கயல் ஒரு பெயரை மட்டும் நிலையாக வைக்கும் முறையைச் செய்து காட்டினாள். அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. எல்லோருக்கும் அவரவர் நூலகத்தில் இப்படி ஒரு சந்திரிகா இருந்திருப்பார்.

தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கமர் ஜஹான் கை தூக்கினார். ராயப்பேட்டையில் ஒரு மகளிர் கல்லூரியின் தலைமை நூலகர். காலையிலிருந்து அதிகம் பேசாமல் ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

“ஏத்தறது புரிஞ்சிடுச்சும்மா. ஒருத்தர் வந்து, இது என்னைப் பத்தினது, எடுத்துடுங்கன்னு கேட்டா என்ன செய்யறது?”

கயல் மூன்று வழி இருக்கிறது என்றாள். இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் எல்லோரும் பார்க்க விட்டு, வீடியோவையோ கட்டுரையையோ பூட்டி வைக்கலாம். வேண்டுபவர்கள் காரணம் எழுதி நகல் கேட்பார்கள். கொடுப்பதும் மறுப்பதும் நம் கையில். இரண்டாவது, பதிவையே விலக்கிக்கொண்டு, விலக்கப்பட்டது என்ற குறிப்பை மட்டும் வைக்கலாம். மூன்றாவது, சுவடே இல்லாமல் அழித்துவிடலாம். மூன்றையும் சோதனைப் பதிவு ஒன்றில் செய்து காட்டினாள்.

“எதைச் செய்யணும்னு யார் முடிவு பண்றது?” என்றார் கமர் ஜஹான்.

“அது யாரைப் பத்தினதோ அவங்களைக் கேக்கணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் கயலுக்கு உறைத்தது. அம்மா எடுத்துவிடு என்று சொன்னாள். தானும் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அவஸ்தைப்பட்டாள். இந்த மூன்று வழிகளை அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லை. பூட்டி வைக்க முடியும் என்பதுகூட வேலம்மாவுக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்தபோது சரோஜாதேவி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாணவர்கள் பயப்படுகிற அளவுக்குக் கண்டிப்பானவர், ஆனால் எந்த மாணவரின் வீட்டுக் கஷ்டத்துக்கும் முதலில் ஓடுகிறவரும் அவர்தான். இந்தத் தொகுப்புக்காக எட்டு வருடமாகக் காத்திருந்தார். திறப்பு விழாவில் ஒரே ஒரு வீடியோவைத்தான் பெரிய திரையில் போடப் போகிறேன் என்று சொல்லி, எது என்றும் சொன்னார்.

“வேலம்மான்னு ஒருத்தங்க. பார்த்திருப்பியே கயல். அதைப் பார்த்துட்டு யாரும் சாதாரணமா எழுந்து போக முடியாது.”

வேறு ஒன்றைப் போடலாமே என்றாள் கயல். இதைவிட அழுத்தமானது ஒன்றும் இல்லை என்றார் அவர். அந்த அம்மாவிடம் அனுமதி இருக்கிறதா என்று கயல் கேட்டாள். பேசுவதற்குச் சம்மதம் என்று அந்த அம்மாவே வீடியோவின் ஆரம்பத்தில் சொல்லியிருப்பதை அவர் நினைவுபடுத்தினார்.

“உங்களோட பேசறதுக்குச் சம்மதம் சொன்னாங்க மேடம். உலகமே பாக்கறதுக்கு இல்ல. அந்த வேலம்மா என்னோட அம்மா.”

சரோஜாதேவி கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்தார். கயல் ஆற்றோரத்திலிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. அவளும் மறைத்ததில்லை. அவங்களையே கேட்டுவிடலாமா என்றார். அவங்க சரி என்று சொன்னால் இதையே போடுவோம் என்ற எதிர்பார்ப்பு அவர் குரலில் இன்னும் இருந்தது.

கயல் அம்மாவுக்குப் போன் செய்தாள். மூன்று வழிகளையும் போனில் விளக்கிச் சொல்லப் பார்த்தாள். வேலம்மாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நானே வருகிறேன் என்றாள். கயல் ஒரு ஆட்டோவை அனுப்பிவிட்டு, அம்மாவை அழைத்துவரக் கல்லூரி வாசலுக்குப் போனாள்.

அந்த நேரத்தில் பிரபு பின்பக்கக் கேட் வழியாக உள்ளே வந்திருந்தான். கயல் சாப்பாட்டுப் பையைக் காரிலேயே விட்டுப் போயிருந்தாள். அதைக் கொடுத்துவிட்டு, அப்படியே அவள் பாடம் நடத்தும் இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடிக்கு ஏறினான்.

லிஃப்ட்டிலிருந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கயல் வெளியே வந்தபோதே அந்தக் குரல் கேட்டது. வராந்தா முழுக்கக் கேட்டது. விழாவுக்காக சரோஜாதேவி ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். இருவரும் அப்படியே நின்றார்கள்.

“என் புள்ள இல்ல அவன். ஊரே ஒண்ணா நின்னுகினு இருக்கசொல்ல மொத ஆளா போயி சாவி வாங்கிகினு வந்துட்டான். இனிமே யார் மூஞ்சில முழிப்பேன் நானு? நான் செத்தா அவன் எனக்குக் கொள்ளி வெக்கக் கூடாது. எழுதிக்கோம்மா. நீயே சாட்சி.”

கயல் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். பெரிய திரைக்கு முன்னால் பிரபு நின்றிருந்தான். கையில் சாப்பாட்டுப் பை. பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரியாமல் சரோஜாதேவி ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். ஓரமாகத் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த கமர் ஜஹான் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

கயல் வீடியோவை நிறுத்தினாள். வேலம்மாவின் உருவம், வாய் பாதி திறந்தபடி, திரையில் நின்றது. அதற்கு நேர் எதிரில் வாசற்படியில் வேலம்மாவே நின்றாள்.

பிரபு பையை மெதுவாக மேஜைமேல் வைத்தான். இது எப்போது எடுத்தது என்று தங்கையைக் கேட்டான். அவள் சொன்னாள். உனக்கு எப்போது தெரியும் என்றான். போன வாரம் என்றாள். தலையை ஆட்டிக்கொண்டான்.

“கோவத்துல சொன்னதுடா,” என்றாள் வேலம்மா. “வாயில வந்தத பேசிட்டேன்.”

“கோவத்துல சொல்லல. அழுதுகினு சொல்ற. நல்லா பாரு.”

வேலம்மா திரையைப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த முகம் நனைந்திருந்தது. அதில் அவள் வலது கை ஒரு வாக்கரைப் பிடித்திருந்தது.

அம்மா நிற்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து கமர் ஜஹான் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். வேலம்மா உட்காரவில்லை. மகன் அடுத்து என்ன சொல்வானோ என்று அவனையே பார்த்தாள். அவன் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். திரும்பி வெளியே போனாலும் தாங்கிக்கொள்வாள். அவன் இரண்டையும் செய்யவில்லை.

“அப்ப நீ வாக்கர் புட்ச்சிகினு நடந்துகினு இருந்தே,” என்றான். “மொதல்ல வர்றவங்களுக்குத் தரையிலயே வூடு, அப்பால வந்தா ஏழாவது மாடி, எட்டாவது மாடின்னு சொன்னாங்க. லிஃப்ட் ஓடுமோ ஓடாதோ. உன்ன எப்டி ஏத்தி எறக்கறது? அதான் போயி வாங்கிகினு வந்தேன்.”

பெரும்பாக்கத்தில் அவர்கள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் இருக்கும் பெண்கள் லிஃப்ட் நின்றுபோன நாட்களில் தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது, நமக்கு ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் வேலம்மா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“ஏன்டா அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா? வேலம்மாவுக்காகத்தான் அவன் போனான்னு உன்னத் திட்டுவாங்க. நீ அவங்களோடதான் நின்னுகினு இருந்தே. என்னத் திட்னா திட்டிகினு போவட்டும்னு வுட்டுட்டேன்.”

வேலம்மா இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. கை நீட்டி அவன் சட்டை நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சின்ன வயதில் கூட்டத்தில் அவன் தொலைந்துவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்ட மாதிரி. அவனும் அசையாமல் பக்கத்தில் நின்றான்.

சரோஜாதேவி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வேலம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னைக்குப் பேசலாமான்னு உங்களைக் கேட்டேன்மா. இப்படி எல்லாரும் பார்க்கற மாதிரி வைக்கலாமான்னு கேக்கல. கேட்டிருக்கணும். என் தப்பு. இப்பக் கேக்கறேன். என்ன செய்யலாம்?”

கயல் மறுபடியும் மூன்று வழிகளைச் சொன்னாள். இந்தத் தடவை நேரிலேயே, திரையில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டிச் சொன்னாள். பூட்டினால் எப்படி இருக்கும், விலக்கினால் என்ன தெரியும், அழித்தால் என்ன மிஞ்சும் என்று. வேலம்மா குறுக்கே பேசாமல் பார்த்தாள்.

“அழிக்க வாணாம்,” என்றான் பிரபு. “அன்னிக்கு அது நெசம்.”

“பாதி நெசம்,” என்றாள் வேலம்மா. “மீதி இவன் கையில இருந்துகீது. இவன் இப்ப சொன்னதையும் அதே மாரி படம் புடி. ரெண்டையும் ஒண்ணா வெய்யி. ஒண்ணப் பாக்கறவங்க இன்னொண்ணையும் பாக்கணும். அதுவரைக்கும் என்னுத பூட்டி வெய்யி.”

அப்படிச் செய்ய முடியுமா என்று சரோஜாதேவி கயலைப் பார்த்தார். ஒரு பதிவோடு இன்னொன்றை இணைத்து வைக்க முடியும், ஒன்றைத் திறந்தால் மற்றதும் கூடவே தெரியும் என்றாள் கயல். பிறகு, காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டாள். அம்மா ஒருத்தி மட்டும் இல்லை, அந்தத் தொகுப்பில் பேசியிருக்கும் எல்லோரையும் இதே மாதிரி கேட்க வேண்டும். அதுவரை விவரங்கள் மட்டும் தெரியட்டும். வீடியோக்கள் எல்லாமே பூட்டியே இருக்கட்டும்.

சரோஜாதேவிக்கு அது எளிதாக இல்லை. நான்கு மணிக்கு விருந்தினர் வருகிறார்கள். எட்டு வருட உழைப்பைப் பூட்டி வைத்துத் திறப்பு விழா நடத்துவதா? சன்னல் பக்கம் போய் நின்று யோசித்தார். யாரை எங்கே போய்த் தேடுவது, பாதிப் பேர் எங்கே போனார்கள் என்றே தெரியாதே என்றார்.

“பெரும்பாக்கத்துல இருக்கறவங்களை நான் காட்டறேன் மேடம்,” என்றான் பிரபு. “என் வண்டியிலயே போலாம்.”

சரோஜாதேவி கடைசியில் தலையசைத்தார்.

மதியப் பகுதியில் கயல் நடத்திய பாடம் முன்பு திட்டமிட்டதாக இருக்கவில்லை. அம்மாவின் அனுமதியோடு, அம்மாவின் பதிவையே எடுத்துக்கொண்டாள். இது எங்கள் வீட்டு விஷயம் என்று நேராகச் சொல்லிவிட்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று நிர்ணயிக்கும் பகுதியை முப்பது பேரும் அவரவர் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க வைத்தாள். காலையில் கட்டங்களைக் காலியாக விட்ட அஸ்வின்தான் அதிகக் கேள்வி கேட்டார். பேசியவர் இறந்து போயிருந்தால் யாரைக் கேட்பது, குழந்தைகள் வீடியோவில் இருந்தால் என்ன செய்வது என்று. சிலவற்றுக்குக் கயலிடம் பதில் இருந்தது. இல்லாதவற்றுக்குத் தெரியாது என்றாள். கமர் ஜஹான் தன் கல்லூரியில் இருக்கும் பழைய ஒலிநாடாக்களை இந்த முறையில்தான் ஏற்றப் போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வேலம்மா முன் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் நடந்து நடந்து ஒவ்வொருவரின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரபு கடைசி வரை சவாரிக்குப் போகவில்லை.

நான்கு மணிக்குத் தொகுப்பு திறக்கப்பட்டது. திரையில் பெயர்களும் இடங்களும் வருடமும் வந்தன. வீடியோ ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று சரோஜாதேவியே எழுந்து நின்று பேசினார். தயாரித்து வந்திருந்த உரையை அவர் எடுக்கவே இல்லை. இந்தக் குரல்களை நான் எடுத்து வந்தேன், இனிமேல் கேட்டு வாங்குவேன் என்று முடித்தபோது கைதட்டல் அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. வந்திருந்த நூலகர்கள் தொகுப்பின் முகவரியை அப்போதே தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினார்கள்.

ஐந்தரைக்குக் கூட்டம் கலைந்தது. அறையில் அம்மா, மகன், மகள் மூவர் மட்டும் இருந்தார்கள். பிரபு எப்போது வந்து கேமரா முன்னால் பேசுவது என்று சனிக்கிழமையை முடிவு செய்தார்கள். அப்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா என்றாள் வேலம்மா. கயல் கம்ப்யூட்டர்களை அணைத்துக்கொண்டே வந்து, கடைசியாகத் தன் லேப்டாப்பை மூடப் போனாள். களஞ்சியத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

யாரோ நகல் கேட்டிருந்தார்கள். வேலம்மாவின் பதிவுக்குத்தான். தொகுப்பு திறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டவர் பெயர் உம்மே ஹானி.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் தமிழில் எழுதியிருந்தது. கயல் வாய்விட்டுப் படித்தாள்.

“எங்கள் சைக்கிள் கடைக்கு எதிரில் நின்று வேலம்மா அக்கா கேமராவில் பேசியதை அன்று நான் பார்த்தேன். அவர் பேசியது எனக்கு வேண்டாம். பின்னால் எங்கள் அத்தா இருப்பாரா என்று பார்க்க வேண்டும். அத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எங்களிடம் அவர் நடமாடும் படம் ஒன்றுகூட இல்லை.”

“கரீம் பாய் பொண்ணு,” என்றாள் வேலம்மா. “அப்துல் கரீம் பாயி போய்ட்டாரா? நமக்கு யாரும் சொல்லலியே. எங்க கீறாங்களோ.”

அவர்கள் குடும்பம் பெரும்பாக்கத்துக்கு வரவில்லை. சாவி வாங்காமல் கடைசி வரை நின்றவர்களில் அவர்களும் உண்டு. பிறகு எங்கே போனார்கள் என்பது தெரியவில்லை.

கயல் வீடியோவைத் திறந்து, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஓட விட்டாள். இத்தனை தடவை பார்த்தும் அம்மாவின் முகத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை. இப்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு தகரக் கூரை. தொங்கும் டயர்கள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், சங்கிலி கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடமிருந்து வலமாக நடந்தார். பாதியில் நின்று, வேலம்மா அழுவதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

“அவருதான்,” என்றாள் வேலம்மா. “அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு கயலு. நான் திட்னதையும் சேத்துப் பாத்தா பாக்கட்டும். பரவால்ல.”

கயல் அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பெயரைப் படித்ததிலிருந்து அவன் முகம் மாறியிருந்தது. மதியம் அம்மா சபித்ததைக் கேட்டு நின்றபோதுகூட அவன் முகம் இப்படி இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரையில் நின்றுபோயிருந்த சைக்கிள் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அனுப்பிவிடவா என்று கயல் கேட்டாள்.

“மெயில்ல அனுப்பாத. கைல குடுக்கலாம். அட்ரஸ் கேளு.”

“அவங்க விருப்பப்பட்டாதான் அட்ரஸ் குடுப்பாங்க. நேர்ல கொண்டு வந்து தரலாமான்னு கேக்கறேன்,” என்று கயல் பதிலைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். உங்கள் அத்தா நடந்து போவது தெளிவாக இருக்கிறது என்று எழுதினாள். அம்மா சம்மதித்துவிட்டாள் என்று எழுதினாள். அடுத்த வரியில் நிறுத்தினாள்.

“யார் கொண்டு வரதா எழுதறது?”

பிரபு சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“என் பேரப் போடு.”

“காலேஜ்லேர்ந்து வர ஆள்னு சேத்துப் போடணும். இல்லன்னா யாருன்னு தெரியாதே.”

“வாணாம். பிரபுன்னு மட்டும் போடு. அவளுக்குத் தெரியும்.”

வேலம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாக மகனைத் திரும்பிப் பார்த்தாள்.